கிளவுட் அட்மின் சாவி யார்கிட்ட இருக்கணும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிண்டி, அம்பத்தூர், ஓஎம்ஆர் பக்கம் இருக்குற சின்னச் சின்ன ஆபீஸ்களுக்கு கிளவுட் அக்கவுண்ட், அதாவது இன்டர்நெட் வழியா வாடகைக்கு எடுக்குற கம்ப்யூட்டருங்களோட அக்கவுண்ட், பாத்துக்குறது என் வேலை. வாரத்துக்கு ரெண்டு பேராவது போன் பண்ணி இதே கேள்விங்களைத்தான் கேக்குறாங்க, பாதி பேர் ஏதாவது ஆனதுக்கு அப்புறம்தான் கேக்குறாங்க, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். நான் அதிகம் பாக்குறது அமேசானோட கிளவுட்டான ஏடபிள்யூஎஸ், அதனால உதாரணம் எல்லாம் பெரும்பாலும் அதுலேர்ந்து வரும். மைக்ரோசாஃப்ட்டோட அஸ்யூர், கூகுள் கிளவுட்ல வித்தியாசம் இருக்குற இடத்துல மட்டும் தனியா சொல்லியிருக்கேன்.

ரூட்டுன்னா என்ன? எங்க டெவலப்பர்கிட்ட இருக்குற அட்மின் லாகினும் அதுவும் ஒண்ணுதானா?

இல்லைங்க, ரெண்டும் வேற. ஏடபிள்யூஎஸ்ல அக்கவுண்ட் திறக்கும்போது ஒரு ஈமெயிலும் பாஸ்வேர்டும் குடுத்தீங்கல்ல, அதுதான் ரூட். மத்த யூசர், தேவைப்படும்போது எடுத்துக்குற உரிமைத் தொகுப்பான ரோல் எல்லாம் அதுக்குக் கீழ வர்றது. டெவலப்பர்கிட்ட இருக்குற அட்மின் லாகினுக்கு எவ்வளவு பவர் இருந்தாலும் பாலிசி, அதாவது எதைச் செய்யலாம் எதைச் செய்யக் கூடாதுன்னு ஒரு விதி, போட்டுக் குறைக்கலாம், வேணாம்னா நாளைக்கே எடுத்துடலாம். தனி அக்கவுண்ட்ல ரூட்டை அப்படிக் குறைக்கவே முடியாது, அதுக்கு மேல யாரும் கிடையாது. அக்கவுண்டையே மூடுறது, அதோட ஈமெயிலை மாத்துறது, யாரோ தப்பா பாலிசி எழுதி எல்லாரையும் வெளிய தள்ளிட்ட எஸ்3 பக்கெட்டுங்குற ஃபைல் சேமிப்பு இடத்தைத் திரும்பத் திறக்குறது, இப்படி விரல் விட்டு எண்ணுற வேலைக்குத்தான் ரூட் வேணும். வருஷத்துக்கு ஒரு தடவை தேவைப்பட்டா பெருசு.

அஸ்யூர் பக்கம் இதே இடத்துல இருக்குறது குளோபல் அட்மினிஸ்ட்ரேட்டர். அவருக்கு சப்ஸ்கிரிப்ஷனுக்குள்ள, அதாவது மெஷினும் பில்லும் இருக்குற கணக்குக்குள்ள, நேரா அனுமதி இல்லாட்டியும் ஒரே ஒரு செட்டிங்கை ஆன் பண்ணி எல்லா சப்ஸ்கிரிப்ஷனுக்கும் யாரை வேணா சேர்க்குற உரிமையைத் தனக்கே குடுத்துக்கலாம், நிறைய பேருக்கு இது தெரியாமலே பத்து பேருக்கு அந்த ரோலைக் குடுத்து வெச்சிருக்காங்க. 5 பேருக்குக் குறைவா வையுங்கன்னு மைக்ரோசாஃப்ட்டே சொல்லுது. கூகுள்ல சூப்பர் அட்மின்.

நாங்க 6 பேர்தான் சார் ஆபீஸ்ல. எங்களைப் போய் யார் ஹேக் பண்ணப் போறாங்க?

உங்களைத் தேடிட்டு யாரும் வர வேண்டாம். இன்டர்நெட்ல திறந்து கிடக்குற கீ, அதாவது ப்ரோக்ராமுங்க பாஸ்வேர்டுக்குப் பதிலா உள்ள போகப் பயன்படுத்துற எழுத்துக்கோவை, பழைய லீக்ல போன பாஸ்வேர்டு இதையெல்லாம் ப்ரோக்ராம் வெச்சு ராத்திரி பகலா தேடிட்டே இருக்காங்க, கீ வேலை செஞ்சா போதும், அது அம்பானி கம்பெனியா அண்ணாச்சி கடையான்னு அந்த ப்ரோக்ராமுக்குத் தெரியாது. கெடைச்சதும் முதல் வேலையா பெரிய பெரிய மெஷினை ஓட விட்டு கிரிப்டோ எடுப்பாங்க, பில்லு உங்க கார்டுக்கு வரும்.

பில்லு வந்தாக்கூட எப்படியாவது சமாளிச்சுடலாம். அதை விட மோசமானது கோட் ஸ்பேசஸ்னு ஒரு கம்பெனிக்கு 2014 ஜூன்ல நடந்தது. மத்தவங்களோட சோர்ஸ் கோடை வெச்சுப் பாதுகாக்குறதுதான் அவங்க தொழிலே. எவனோ அவங்க ஏடபிள்யூஎஸ் கன்ட்ரோல் பேனலுக்குள்ள புகுந்து பணம் கேட்டான், இவங்க பாஸ்வேர்டை மாத்தி அவனை வெளிய தள்ளப் பாத்தாங்க, அவன் முன்னாடியே வேற லாகினுங்களை உருவாக்கி வெச்சிருந்தான், கோவத்துல டேட்டா, டிஸ்க்கோட நகலான ஸ்னாப்ஷாட், பேக்கப்னு அழிக்க ஆரம்பிச்சுட்டான். மொத்தம் 12 மணி நேரம். கம்பெனியை மூடிட்டாங்க. பேக்கப் இல்லாம போகல, இருந்துச்சு, ஆனா அதே அக்கவுண்ட்ல, அதே அட்மின் கைக்கு எட்டுற இடத்துல இருந்துச்சு. இதைப் படிச்சதுலேர்ந்து யார் கேட்டாலும் நான் முதல்ல கேக்குறது, உங்க பேக்கப்பை அழிக்கக்கூடிய லாகினும் ஒரிஜினலை அழிக்கக்கூடிய லாகினும் ஒண்ணா வேற வேறயா?

ரூட்டுக்கு எந்த ஈமெயில் குடுக்கணும்? இப்போ ஓனரோட ஜிமெயில்ல இருக்கு.

பாதி கம்பெனியில இப்படித்தான் இருக்கு, ஆரம்பிச்ச அன்னைக்கு அவசரத்துல குடுத்தது. ஓனர் அதுலயே மளிகை ஆர்டர் பண்ணுவார், பசங்க அதே மெயில்ல கேம் டவுன்லோட் பண்ணுவாங்க. அந்த மெயில் பாஸ்வேர்டு போனா ரூட் பாஸ்வேர்டையும் ரீசெட் பண்ணிடலாம், எம்எஃப்ஏ, அதாவது பாஸ்வேர்டுக்கு மேல கேக்குற ரெண்டாவது சரிபார்ப்பு, வேற போடலைன்னா அத்தோட முடிஞ்சது.

கம்பெனி டொமைன்ல இதுக்குன்னே ஒரு தனி மெயில் ஐடி, ரெண்டு பேரால படிக்க முடியுற மாதிரி, வேற எதுக்கும் பயன்படுத்தக் கூடாது, விசிட்டிங் கார்டுல போடக் கூடாது. அந்த மெயில்பாக்ஸுக்கும் எம்எஃப்ஏ போட்டிருக்கணும். அக்கவுண்ட்ல குடுத்திருக்குற போன் நம்பரும் முக்கியம், ரூட்டோட எம்எஃப்ஏ தொலைஞ்சா ஏடபிள்யூஎஸ் முதல்ல அந்த ஈமெயில், அப்புறம் அந்த போன் ரெண்டையும் வெச்சுத்தான் உங்களை உள்ள விடும். அந்த நம்பர் மூணு வருஷத்துக்கு முன்னாடி வேலையை விட்டுப் போன பையனோடதா இருந்தா நீங்க அவர்கிட்டதான் போய் நிக்கணும்.

இன்னொரு சிக்கல் நிறைய பேர் கவனிக்குறதில்ல. அந்த மெயில் ஐடியோட டொமைனுக்கு டிஎன்எஸ், அதாவது மெயில் எங்க போகணும்னு வழி காட்டுற சர்வீஸ், எங்க ஓடுது? அதே ஏடபிள்யூஎஸ் அக்கவுண்ட்லயேதான் ஓடுதுன்னு வெச்சுக்கோங்க. பில்லு கட்டாம அக்கவுண்ட் நின்னா டிஎன்எஸ் நிக்கும், டிஎன்எஸ் நின்னா மெயில் வராது, மெயில் வராட்டி ரூட்டை மீட்க முடியாது. வீட்டுச் சாவியை உள்ளயே வெச்சுட்டு கதவைச் சாத்துன கதைதான். டொமைன் ரினியூவல் தேதியையும் யாராவது ஒருத்தர் பொறுப்பா பாக்கணும்.

ரூட் பாஸ்வேர்டை 90 நாளைக்கு ஒரு தடவை மாத்தணுமா?

வேண்டாம். நீளமா, வேற எங்கயும் பயன்படுத்தாத ஒண்ணா, பாஸ்வேர்டு மேனேஜர் உருவாக்குனதா இருந்தா போதும். கட்டாயப்படுத்தி மாத்தச் சொன்னா கடைசியில இருக்குற நம்பரை மட்டும் ஒண்ணு கூட்டுவாங்க. யாராவது பாத்துட்டாங்கன்னு சந்தேகம் வந்தாலோ, தெரிஞ்ச ஆள் வேலையை விட்டுப் போனாலோ அன்னைக்கே மாத்துங்க. அப்புறம் ரூட்டுக்கு ஆக்சஸ் கீ, அதான் மேல சொன்ன கீ, உருவாக்கவே கூடாது, இருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க, இதுக்கு எந்தச் சாக்கும் கிடையாது.

போனுக்கு ஓடிபி வருதே, அது போதாதா?

எதுவுமே இல்லாததுக்கு அது மேல். ஆனா அட்மினுக்கு எஸ்எம்எஸ்ஸை நம்பாதீங்க. போலி ஆதாரைக் காட்டி உங்க நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கிட்டா ஓடிபி அவன் போனுக்குப் போயிடும், நம்ம ஊர்ல பேங்க் பணம் போன கதைங்க எத்தனையோ இப்படி ஆரம்பிச்சதுதான். ஏடபிள்யூஎஸ்ல ஐஏஎம் யூசருக்கு, அதாவது ரூட்டுக்குக் கீழ உருவாக்குற யூசருக்கு, எஸ்எம்எஸ் எம்எஃப்ஏவே இப்போ கிடையாது.

அடுத்த படி ஆத்தென்டிகேட்டர் ஆப், 30 செகண்டுக்கு ஒரு தடவை மாறுற 6 நம்பர். இது சிம் மோசடிக்குத் தப்பிக்கும். ஆனா உங்களை ஏமாத்தி ஒரு போலி லாகின் பக்கத்துல அந்த 6 நம்பரை அடிக்க வெச்சா, அவன் அடுத்த செகண்டே அதை நிஜப் பக்கத்துல அடிச்சு உள்ள போயிடுவான். சில இடத்துல நம்பரே கேக்காம "இது நீங்கதானா?"ன்னு போன்ல ஒரு பட்டன் வரும்ல, அதுலயும் ஆபத்து இருக்கு. 2022ல ஊபருக்கு அப்படித்தான் ஆச்சு. கான்ட்ராக்ட்ல வேலை பாத்த ஒருத்தரோட பாஸ்வேர்டை வெச்சுக்கிட்டு திரும்பத் திரும்ப அந்தக் கேள்வியை அனுப்பிட்டே இருந்தாங்க, ஒரு கட்டத்துல அவர் ஓகே அழுத்திட்டார், அங்கேர்ந்து உள்ள நுழைஞ்சு கம்பெனி பூரா சுத்தி வந்தாங்க.

அதனால அட்மினுக்கும் ரூட்டுக்கும் நான் சொல்றது போன்லயோ லேப்டாப்லயோ கைரேகை, பின் போட்டுத் திறக்குற பாஸ்கீ, இல்லாட்டி யூஎஸ்பியில சொருகுற செக்யூரிட்டி கீ. அது எந்த வெப்சைட்ல இருக்கோம்னு தானே சரி பாத்துக்கும், போலிப் பக்கத்துல நீங்க ஏமாந்தாலும் கீ ஏமாறாது. ஏடபிள்யூஎஸ்ல ஒரு யூசருக்கு 8 எம்எஃப்ஏ வரைக்கும் சேர்க்கலாம், ரூட்டுக்கும் சேர்த்துத்தான், அதனால ஒண்ணோட நிறுத்தாதீங்க. 2024லேர்ந்து ரூட்டுக்கு எம்எஃப்ஏவைப் படிப்படியா கட்டாயமே ஆக்கிட்டாங்க, அஸ்யூர் போர்ட்டலுக்கும் அதே வருஷம் அக்டோபர்லேர்ந்து கட்டாயப்படுத்த ஆரம்பிச்சாங்க.

எம்எஃப்ஏ இருக்குற போன் தொலைஞ்சா என்ன பண்றது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்குவேன், ஏன்னா ஹேக்கர் வர்றதை விட இது அடிக்கடி நடக்குது.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்னைக்கு. எங்க கஸ்டமர் ஒருத்தரோட மொத்த சிஸ்டத்துக்கும் ஒரே அட்மின், வீடு வேளச்சேரியில கிரவுண்டு ஃப்ளோர். ரூட்டு, அட்மின் ரெண்டோட ஆத்தென்டிகேட்டரும் அவர் போன்லதான். தண்ணி இடுப்பு வரைக்கும் ஏறினதும் அம்மாவைத் தூக்கிட்டு மேல் மாடிக்கு ஓடியிருக்கார், போன் பாக்கெட்லயே நனைஞ்சு செத்துப் போச்சு, கரண்ட் இல்ல, டவர் இல்ல. இங்க ஆபீஸ்ல டிஸ்க் நிறைஞ்சு டேட்டாபேஸ் நின்னு போச்சு, மெஷின் எல்லாம் மும்பையில நல்லாத்தான் ஓடிட்டு இருக்கு, உள்ள போகத்தான் ஆள் இல்ல. அஞ்சு நிமிஷ வேலை, ஸ்டோரேஜைக் கூட்டினா போதும். ரெண்டரை நாள் ஆச்சு. அவர் மேல ஒரு தப்பும் கிடையாது, தண்ணிக்குள்ள நின்னவர் அவர். கம்பெனியோட சாவியை ஒரு மனுஷனோட பாக்கெட்ல போட்டு வெச்சதுதான் தப்பு, அதை முன்னாடியே அழுத்திச் சொல்லாததுல எனக்கும் பங்கு இருக்கு.

அதுக்கு அப்புறம் நாங்க பண்றது இது. ரூட்டுக்கு ரெண்டு செக்யூரிட்டி கீ ரெஜிஸ்டர் பண்ணுவோம். பாஸ்வேர்டைப் பேப்பர்ல பிரிண்ட் எடுத்து கவர்ல போட்டு ஒட்டி, ஒட்டுன இடத்து மேல ரெண்டு பேர் கையெழுத்தும் தேதியும். பாஸ்வேர்டு கவர் ஒரு இடத்துல, கீ வேற இடத்துல. பேங்க் லாக்கர்ல ஒரு சாவி பேங்க்கிட்ட, ஒரு சாவி நம்மகிட்ட இருக்கும், ரெண்டும் சேர்ந்தாத்தான் திறக்கும்ல, அதே ஏற்பாடு. ஒரு கஸ்டமர் கவரை ஆடிட்டர் ஆபீஸ் பீரோவுல வெச்சிருக்கார், கீ பார்ட்னரோட வீட்டு லாக்கர்ல. ரெண்டாவது கீயும் கவர் காப்பியும் கோயம்புத்தூர் பிராஞ்ச்ல, அங்கயும் தனித்தனியா. ரெண்டு இடமும் ஒரே மழைல மூழ்கக் கூடாது, அதான் கணக்கு. ஒண்ணு பள்ளிக்கரணை இன்னொண்ணு பெருங்குடின்னு வெச்சா அது ஒரே இடம்தான்.

சாதாரண அட்மின் யூசரா இருந்தா இவ்வளவு வேண்டாம், இன்னொரு அட்மின் உள்ள போய் பழைய எம்எஃப்ஏவை எடுத்து விட்டுடலாம். அதனால எவ்வளவு சின்ன கம்பெனியா இருந்தாலும் அட்மின் ரெண்டு பேர், ஒருத்தரே போதும்னு இருக்காதீங்க. ஆத்தென்டிகேட்டர் ஆப் வெச்சிருக்குறவங்க புது போன் வாங்கினதும் பழசை ரீசெட் பண்ணி எக்ஸ்சேஞ்ச்ல குடுக்குறதுக்கு முன்னாடி எல்லாம் மாறிடுச்சான்னு லாகின் பண்ணிப் பாத்துடுங்க.

அஸ்யூர்ல இதுக்குன்னே எமர்ஜென்சி அக்கவுண்ட் ரெண்டு வெக்கச் சொல்றாங்க, ஆபீஸ் டொமைன்ல இல்லாம மைக்ரோசாஃப்ட் தர்ற ஆன்மைக்ரோசாஃப்ட் டொமைன்ல. இப்போ அதுக்கும் எம்எஃப்ஏ கட்டாயம், அதனால பாஸ்வேர்டு மட்டும் கவர்ல வெச்சா பத்தாது, செக்யூரிட்டி கீயும் கூட இருக்கணும்.

எல்லாத்தையும் பூட்டிட்டா தினசரி வேலையை எப்படிப் பாக்குறது? சும்மா சும்மா தடுக்கும்ல?

முதல் வாரம் கொஞ்சம் எரிச்சலாத்தான் இருக்கும், உண்மை. அப்புறம் பழகிடும்.

ஆளுக்கு ஒரு லாகின், பகிர்ந்துக்குற லாகின் கிடையவே கிடையாது. "அட்மின்"னு ஒரு யூசர், அதோட பாஸ்வேர்டு வாட்ஸ்ஆப் குரூப்ல பின் பண்ணி வெச்சிருக்கு, இதை நான் கண்ணால பாத்திருக்கேன். அதுல யார் எதை அழிச்சாங்கன்னு எந்த லாகும் சொல்லாது. ஏடபிள்யூஎஸ்ல ஐடென்டிட்டி சென்டர்னு இருக்கு, காசு கிடையாது, உங்க ஆபீஸ் கூகுள் லாகினையோ மைக்ரோசாஃப்ட் லாகினையோ அதோட இணைச்சுக்கலாம். காலைல லாகின் பண்ணா படிக்குற உரிமை மட்டும் இருக்கும். ஏதாவது மாத்தணும்னா அதுக்கான ரோலை எடுத்துக்குவீங்க, ஒரு மணி நேரத்துல அதுவே முடிஞ்சு போயிடும், திரும்ப வேணும்னா திரும்ப எடுக்கணும். சமையல்ல எண்ணெய்ச் சட்டியை வேலை முடிஞ்சதும் இறக்கி வெக்குறோம்ல, நாள் பூரா அடுப்புலயே விட்டா ஒருநாள் யார் மேலயாவது கொட்டும்.

லேப்டாப்புக்குள்ள நிரந்தர ஆக்சஸ் கீ வேண்டாம். ஏகேஐஏன்னு ஆரம்பிக்குற கீ எல்லாம் நீங்க எடுக்குற வரைக்கும் உயிரோட இருக்கும், ஏஎஸ்ஐஏன்னு ஆரம்பிக்குறது கொஞ்ச நேரத்துல தானா செத்துடும். யார் லேப்டாப்ல எது இருக்குன்னு ஒருநாள் உக்காந்து பாருங்க, திகைச்சுப் போவீங்க. சர்வருக்குள்ள ஓடுற ப்ரோக்ராமுக்கும் கீ வேண்டாம், சர்வருக்கே ரோல் குடுக்கலாம், அதுவும் தேவையான அளவு மட்டும். 2019ல கேபிடல் ஒன் பேங்க்ல 10 கோடி பேருக்கு மேல டேட்டா போனதுக்கு ஒரு காரணம், ஒரு சர்வரோட ரோலுக்கு வேலைக்குத் தேவையானதை விட அதிகமா படிக்குற உரிமை இருந்தது.

முடிஞ்சா நிஜ கஸ்டமர் பயன்படுத்துற ப்ரொடக்ஷனுக்கும் டெஸ்டிங்குக்கும் தனித்தனி அக்கவுண்ட், மேல ஒரு மேனேஜ்மென்ட் அக்கவுண்ட். அந்த மேல் அக்கவுண்ட்ல எந்த சர்வரையும் ஓட்டாதீங்க, கீழ இருக்குற அக்கவுண்டுங்களுக்குப் போடுற கட்டுப்பாட்டு பாலிசி எதுவும் அதைக் கட்டுப்படுத்தாது. 2024 நவம்பர்லேர்ந்து கீழ் அக்கவுண்டுகளோட ரூட் பாஸ்வேர்டையே இல்லாம பண்ணிட்டு மேலேர்ந்து பாத்துக்குற வசதி வந்திருக்கு, பத்து அக்கவுண்ட் வெச்சிருக்குறவங்க பத்து கவர் வெச்சுட்டு அல்லாட வேண்டியதில்ல.

கீ வெளிய போயிடுச்சு. முதல்ல என்ன பண்ணணும்?

ஒரு சனிக்கிழமை காலைல அஞ்சரைக்கு இந்த போன் வந்துச்சு. அவங்க வெப்சைட்ல செட்டிங் எல்லாம் இருக்குற டாட் என்வி ஃபைல் வெளியேர்ந்து படிக்குற மாதிரி திறந்து கிடந்திருக்கு, அதுக்குள்ள அட்மின் உரிமையோட ஒரு கீ. மும்பை ரீஜனை, அதாவது ஏடபிள்யூஎஸ்ஸோட மும்பை டேட்டா சென்டர் பகுதியை, திறந்து பாத்தேன், வழக்கமான நாலு மெஷின், எல்லாம் அமைதியா இருக்கு, கஸ்டமரும் "ஒண்ணும் ஆகல போல சார்"னு மூச்சு விட்டார். மேல ரீஜன் பட்டியலைத் திறந்து வர்ஜீனியான்னு மாத்தினேன், பக்கம் நிறைய மெஷின். ஒஹாயோ, அங்கயும். பிராங்க்ஃபர்ட், சாவோ பாலோ, டோக்கியோ. அவர் ஒண்ணும் பேசல. நாம கேக்காமலே திறந்திருக்குற ரீஜன் பத்துக்கு மேல இருக்கு, நாம பாக்குறது ஒண்ணு மட்டும்தான்.

வரிசை இதுதான். கீயை இன்ஆக்டிவ் பண்ணுங்க, உடனே டெலிட் பண்ணாதீங்க, எந்தக் கீயால என்ன நடந்துச்சுன்னு தேட அது வேணும். அதோட நிக்கக் கூடாது, அந்தக் கீயை வெச்சு அவன் எடுத்து வெச்சிருக்குற தற்காலிக டோக்கன் இன்னும் உயிரோட இருக்கலாம், அதனால அந்த யூசர் மேல எல்லாத்தையும் மறுக்குற பாலிசி ஒண்ணு போடுங்க. அப்புறம் புதுசா யூசர், கீ, ரோல் ஏதாவது வந்திருக்கான்னு பாருங்க. அன்னைக்கு நாங்க பாத்ததுல பேக்கப் சர்வீஸ்னு பேர் வெச்சு ஒரு யூசர், பாத்தா நம்மாளே உருவாக்குன மாதிரி இருக்கு, உருவாக்குன நேரம் ராத்திரி ரெண்டே முக்கால். கோட் ஸ்பேசஸ்ல நடந்த அதே வேலை, பின்வாசல். அதை மூடாம மெஷினை மட்டும் நிறுத்தினா அரை மணி நேரத்துல திரும்ப முளைச்சிருக்கும். அதுக்கு அப்புறம்தான் ஒவ்வொரு ரீஜனா போய் மெஷின், தனி சர்வர் இல்லாம கோடை ஓட்டுற லாம்டா எல்லாத்தையும் பாத்தோம், நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரே ஒரு மெஷினுக்கு ஸ்னாப்ஷாட் எடுத்து வெச்சோம். ஏடபிள்யூஎஸ் சப்போர்ட்ல கேஸ் போட்டோம். பில்லைக் குறைச்சுத் தரச் சொல்லிக் கேக்கலாம், பரிசீலிப்பாங்க, ஆனா அதை நம்பி உக்காரக் கூடாது.

சோர்ஸ் கோடை வெக்குற கிட்ஹப்ல கீயைத் தவறுதலா போட்டுட்டா, அடுத்த கமிட்ல, அதாவது அடுத்த தடவை கோடைச் சேமிக்கும்போது, அந்த வரியை அழிச்சா போயிடும்னு நினைக்காதீங்க, ஹிஸ்டரியில அது அப்படியேதான் இருக்கும். பப்ளிக் ரெப்போ, அதாவது யார் வேணா பாக்கக்கூடிய கோட் சேமிப்புன்னா ஏடபிள்யூஎஸ்ஸே பாத்து அந்த யூசருக்கு ஒரு தடுப்பு பாலிசி போட்டு மெயில் அனுப்பும், ஆனா அது எல்லா வேலையையும் தடுக்காது, அந்த மெயிலை யாராவது படிக்கவும் வேணும். பிரைவேட் ரெப்போதானேன்னும் இருந்துடாதீங்க, 2016ல ஊபர்ல 5 கோடியே 70 லட்சம் பேரோட விவரம் போனது பிரைவேட் ரெப்போவுல இருந்த கீயாலதான்.

வெப்சைட் பண்ணிக் குடுத்தவர் பேர்லயே அக்கவுண்ட் இருக்கு. "நான் பாத்துக்குறேன் அண்ணா"ன்னு சொல்றார். பரவால்லயா?

அவர் நல்லவராவே இருக்கட்டும், அப்பவும் கூடாது. உங்க கஸ்டமர் லிஸ்ட், பில்லிங், எல்லாம் சட்டப்படி இன்னொருத்தர் பேர்ல இருக்கு. அவர் துபாய்க்கு வேலை கெடைச்சுப் போயிடலாம், அவருக்கும் உங்களுக்கும் பேமென்ட்ல மனஸ்தாபம் வரலாம், அவரோட வேற கஸ்டமர் தப்பு பண்ணி மொத்த அக்கவுண்டும் முடங்கலாம். உங்க பேர்ல, உங்க ஜிஎஸ்டி நம்பர்ல அக்கவுண்ட் திறங்க, அவருக்கு வேலை செய்ய ஒரு ரோல் குடுங்க. நல்ல வெண்டாரா இருந்தா அவரே இதைத்தான் விரும்புவார், உங்க ரூட் அவர்கிட்ட இருக்குறது அவருக்கும் பாரம்தான். சண்டை இல்லாம இருக்கும்போதே மாத்திக்கோங்க, சண்டை வந்ததுக்கு அப்புறம் கேட்டா நடக்காது.

ஒருத்தர் வேலையை விட்டுப் போறார். என்னென்ன எடுக்கணும்?

கடைசி நாள் சாயந்திரம் ஐடி கார்டு வாங்கும்போதே. லாகின், ஆக்சஸ் கீ, சர்வருக்குள்ள நேரா நுழைய அங்க போட்டு வெச்சிருக்குற எஸ்எஸ்ஹெச் கீ, பாஸ்வேர்டு மேனேஜர், கிட்ஹப், டொமைன் வாங்குன சைட். ரூட் கவரைப் பாத்த ஆளா இருந்தா ரூட் பாஸ்வேர்டு, எம்எஃப்ஏ ரெண்டும் புதுசு. இதுல அவமானப்படுத்துறது ஒண்ணும் இல்ல, போறவருக்கும் நல்லது, ரெண்டு மாசம் கழிச்சு ஏதாவது ஆனா அவர் பேர் அடிபடாது. அப்படித்தான் நான் அவங்ககிட்டயே சொல்லுவேன்.

லாக் எவ்வளவு நாள் வெக்கணும்?

ஏடபிள்யூஎஸ்ல யார் என்ன பண்ணாங்கன்னு பதிவு பண்ற கிளவுட்டிரெயில் தானாவே 90 நாள் காட்டும், அதுக்கு மேல வேணும்னா நீங்கதான் டிரெயில் போட்டு எஸ்3ல சேமிக்கணும். நம்ம நாட்டுல சைபர் பாதுகாப்பைப் பாக்குற அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்னைக்குப் போட்ட உத்தரவுப்படி 180 நாள் லாக் வெச்சிருக்கணும், சம்பவம் தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள அவங்களுக்குச் சொல்லணும். 90க்கும் 180க்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்காதீங்க. முதல் டிரெயிலுக்குக் காசு இல்ல, எஸ்3 இடத்துக்கு மட்டும்தான், சின்ன ஆபீஸுக்கு அது பெரிய தொகை ஆகாது. அந்த லாக்கை வேற அக்கவுண்ட்ல வெச்சு யாராலயும் அழிக்க முடியாத மாதிரி ஆப்ஜெக்ட் லாக் போடுங்க. திருடன் முதல்ல கைய வெக்குறது சிசிடிவி பெட்டி மேலதான்.

எதுக்கெல்லாம் அலாரம் வெக்கணும்?

ரூட் லாகின் ஆனா, யாராவது புது யூசரோ கீயோ உருவாக்கினா, கிளவுட்டிரெயிலை நிறுத்தினா, அட்மின் பாலிசியை யாருக்காவது ஒட்டினா. ஆரம்பத்துல இந்த நாலு போதும், நாப்பது அலாரம் வெச்சா யாரும் பாக்க மாட்டாங்க. ரூட் லாகின் வர்ஜீனியா ரீஜன்ல பதிவாகலாம், மும்பையில மட்டும் அலாரம் போட்டா மணி அடிக்காம போயிடும், அதையும் பாத்துக்கோங்க. பட்ஜெட் அலாரமும் போடுங்க, ஆனா அது உடனே வராது, ஒருநாளைக்கு மூணு தடவை வரைக்கும்தான் கணக்கு புதுப்பிக்கும், அதுக்குள்ள அவன் எட்டு மணி நேரம் மெஷினை ஓட்டியிருப்பான்.

டேட்டாவை சென்னையிலயே வெச்சா பாதுகாப்பா இருக்குமா? அஸ்யூருக்கு இங்கயே இருக்காமே.

ஆமா, அஸ்யூரோட சவுத் இந்தியா ரீஜன் சென்னையிலதான். வேகம், சட்டம் இதுக்கெல்லாம் இடம் முக்கியம். அட்மின் லாகினுக்கு இடமே கிடையாது, பாஸ்வேர்டு போச்சுன்னா உலகத்துல எங்க உக்காந்தும் சென்னை மெஷினை அழிக்கலாம்.

கிளவுட் கம்பெனியிலேர்ந்து பேசுறோம்னு போன் வந்துச்சு, ஸ்கிரீனைக் காட்டச் சொன்னாங்க.

வெச்சுடுங்க. கன்சோல்ங்குற கன்ட்ரோல் பேனலுக்குள்ள நீங்களே போய் கேஸ் இருக்கான்னு பாருங்க. பாஸ்வேர்டோ ஓடிபியோ எந்த சப்போர்ட்டும் கேக்காது. பணம் ஏதாவது போயிருந்தா தாமதிக்காம சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்குக் கூப்பிடுங்க.

இதுக்கெல்லாம் எவ்வளவு செலவாகும்?

ஐஏஎம், எம்எஃப்ஏ, ஐடென்டிட்டி சென்டர் எதுக்கும் காசு கிடையாது. செக்யூரிட்டி கீ ஒண்ணுக்குச் சில ஆயிரம் ரூபா ஆகும், ரெண்டு வாங்குங்க. அஸ்யூர்ல ரோலைக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் எடுத்துக்குற வசதிக்கு மேல் லைசென்ஸ் வேணும், ஆனா அட்மினா இருக்குற ரெண்டு மூணு பேருக்கு மட்டும் வாங்கினா போதும். மத்தபடி ஒரு சனிக்கிழமை முழுசா உக்காரணும், செலவுல பெருசு அந்த நேரம்தான்.

கவருக்குள்ள வெச்சது உண்மையிலயே வேலை செய்யுமான்னு எப்படித் தெரியும்?

திறந்து பாத்தாத்தான் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை நிஜமாவே அதை வெச்சு ரூட்ல லாகின் பண்ணிப் பாக்கணும். நாங்க ஆயுத பூஜை வாரத்துல பண்றோம், அந்த நேரத்துல எல்லாரும் ஆபீஸ்ல இருப்பாங்க, பழைய பேப்பரை எல்லாம் எடுத்துச் சுத்தம் பண்ற நாள், வடகிழக்கு மழை பிடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. போன வருஷம் ஒரு இடத்துல கவரைப் பிரிச்சோம், பாஸ்வேர்டு சரியா இருந்துச்சு, கீயைச் சொருகினா லைட் எரியுது, ஆனா அதோட பின் நம்பரை எங்கயும் எழுதி வெக்கல, செட் பண்ணவருக்கே ஞாபகம் இல்ல. ரெண்டாவது கீயோட பின் அவங்க கோயம்புத்தூர் மேனேஜருக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அவரை வீடியோல கூப்பிட்டு அங்கேர்ந்து லாகின் பண்ணி முதல் கீயை எடுத்துட்டுத் திரும்பச் சேர்த்தோம். பின் நம்பரைத் தனிப் பேப்பர்ல எழுதி, புது கவர்ல போட்டு, ரெண்டு பேர் கையெழுத்து, அன்னைய தேதி. யாரோ அது மேலயும் சந்தனம், குங்குமம் வெச்சுட்டாங்க, அப்படியே பீரோவுல வெச்சுப் பூட்டிட்டோம்.